ட்விங்கிளுக்குள் மீனாட்சி வந்த கதை

“தாத்தா, எங்க மியூசிக் மிஸ் ட்விங்கிள் ட்விங்கிளைக் காப்பி அடிச்சுட்டாங்க!”

நாலாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே புகார் சொன்னாள். அவள் வகுப்பில் காப்பி அடிப்பது பெரிய குற்றம். பக்கத்துப் பெஞ்சுக்காரி நோட்டை எட்டிப் பார்த்தாலே காட்டிக்கொடுத்துவிடுவாள். மிஸ்ஸே அப்படிச் செய்தால் எங்கே போய்ச் சொல்வது? தாத்தாவிடம்தான்.

“எங்கே, பாடு பார்ப்போம்” என்றேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே பாடினாள். சந்தேகமே இல்லை, அதே மெட்டுதான். எல்.கே.ஜி.யில் விரலை விரித்து மடக்கி நட்சத்திரம் காட்டினாளே, அந்த மெட்டு. சொல் மட்டும் சமஸ்கிருதம். ‘சியாமளே மீனாக்ஷி’ என்று தொடங்கியது. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, “இது என்னட்டி, சாமி பாட்டா, ரைம்ஸா?” என்று கேட்டாள். பேத்திக்கு அதுதான் சந்தேகம். எனக்கும்தான்.

நான் சங்கீதம் படித்தவன் இல்லை. பிறந்து வளர்ந்தது பம்பாய் தாராவி. முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதியது மாட்டுங்காவில். ஓய்வுபெற்று உட்கார்ந்திருப்பது செம்பூரில். தாராவியில் எங்கள் காதில் விழுந்தது கோயில் கொடைக்கு வரும் வில்லுப்பாட்டும் கல்யாண வீட்டு ரெக்கார்டும்தான். மாட்டுங்காவில் வேலைக்குப் போன பிறகுதான், சாயங்கால வேளையில் மாடி ஜன்னல்களிலிருந்து சரளி வரிசை இறங்கி வருவதைக் கேட்டேன். கேட்டுக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்திருக்கிறேன், அவ்வளவுதான் எனக்கும் கர்நாடக சங்கீதத்துக்கும் உள்ள உறவு. ஆனாலும் பேத்தி கொடுத்த வழக்கைத் தள்ளுபடி செய்ய மனம் வரவில்லை. விசாரித்தேன்.

விசாரித்ததில் தெரிந்தது: காப்பி அடித்தவர் மிஸ் இல்லை. முத்துஸ்வாமி தீட்சிதர்.

கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவர். ‘வாதாபி கணபதிம்’ செய்தவர். கமலாம்பாள் மேல் நவாவரணமும் கோள்களின் மேல் கிருதிகளும் பாடியவர். அவர் பாட்டு என்றாலே விளம்ப காலம், ஒரு எழுத்தை இழுத்து ராகத்தின் மூலைமுடுக்கெல்லாம் காட்டிவிட்டுத்தான் அடுத்த எழுத்துக்கு வருவார் என்று மாட்டுங்கா மாமாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். யானை நடை என்பார்கள். அந்த யானைதான் சுமார் 40 பாட்டுகளில் முயல் மாதிரி துள்ளியிருக்கிறது. அவற்றுக்கு நோட்டுஸ்வர சாகித்தியம் என்று பெயர். ‘நோட்டு’ என்பது ஆங்கிலத்திலிருந்து வந்த சொல்தான்.

கதை நடந்த இடம் மணலி. இன்றைக்கு வடசென்னையில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறதே, அதே மணலி. செம்பூர்க்காரனான எனக்கு இதைப் படித்ததும் ஒரு சொந்தம் வந்துவிட்டது. எங்களுக்கும் மாகுல் பக்கத்திலிருந்து அந்த வாசனை காற்றோடு வரும். 18ஆம் நூற்றாண்டு மணலியில் அந்த வாசனை ஏது? அங்கே முத்துக்கிருஷ்ண முதலியார் என்ற பெரிய தனக்காரர் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு துபாஷ். வெள்ளைக்காரனுக்கும் ஊர்க்காரனுக்கும் நடுவே இரண்டு பாஷையும் பேசிக் காரியம் முடித்துக்கொடுப்பவர். இந்த முதலியார் திருவாரூர்ப் பக்கம் போனபோது ராமஸ்வாமி தீட்சிதரின் சங்கீதத்தைக் கேட்டு மயங்கி, குடும்பத்தோடு மணலிக்கு அழைத்துவந்தார். ராமஸ்வாமி தீட்சிதர் லேசுப்பட்டவர் இல்லை. 108 ராகமும் தாளமும் கோத்து ஒரே மாலையாக ராகமாலிகை செய்தவர். அவருடைய மூத்த பிள்ளைதான் முத்துஸ்வாமி. 1775இல் திருவாரூரில் பிறந்தவர். கடைசித் தம்பி பாலுஸ்வாமி, 1786இல் பிறந்தவர்.

பெரிய முதலியாருக்குப் பிறகு அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார் அந்தக் குடும்பத்தை ஆதரித்தார். சின்னய்ய முதலியார் என்றும் இவரைச் சொல்வார்கள். இவருக்குக் கோட்டையில் வேலை. தீட்சிதர் வீட்டுப் பிள்ளைகளையும் அவ்வப்போது அங்கே கூட்டிப்போவார். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் பட்டாளத்து பாண்டு வாசிக்கும். அணிவகுப்புக்கு ஒரு வாசிப்பு, துரைமார் வீட்டு நடனத்துக்கு ஒரு வாசிப்பு. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, பிரான்சு என்று பல சீமை மெட்டுகள் அந்தப் பித்தளைக் குழல்களிலிருந்து வந்தன.

திருவாரூர்க் கோயில் நாதஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது எப்படி இருந்திருக்கும்? நம் ஆட்கள் பலர் முகம் சுளித்திருப்பார்கள். ‘இதில் கமகம் எங்கே, பாவம் எங்கே’ என்று கேட்டிருப்பார்கள். அண்ணன் தம்பி இருவரும் சுளிக்கவில்லை என்பதற்கு இரண்டு சாட்சி இருக்கிறது. ஒன்று, முதலியாரின் ஏற்பாட்டில் பாலுஸ்வாமி ஒரு ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் ஃபிடில் கற்றுக்கொண்டார். அதைக் கர்நாடக சங்கீதத்துக்கு வளைத்துக் கொண்டுவந்த முதல் ஆள் அவர் என்றே சங்கீத உலகம் சொல்கிறது. இன்று பக்க வாத்தியமாக வயலின் இல்லாமல் கச்சேரியே கிடையாது. இன்னொரு சாட்சி, அண்ணன் செய்த இந்த நோட்டுஸ்வரங்கள். ஒரே பாண்டைக் கேட்டு வந்து தம்பி வாத்தியத்தை எடுத்துக்கொண்டார், அண்ணன் மெட்டை எடுத்துக்கொண்டார்.

அண்ணன் செய்த வேலை, சொல்லிப் பார்த்தால் எளிது. மெட்டை அப்படியே வைத்துக்கொண்டார். ஒரு சுவரத்துக்கு ஏறக்குறைய ஓர் அசை என்று சமஸ்கிருதச் சொல்லை உட்காரவைத்தார். பொருள் கடவுள் துதி. தன் முத்திரையான ‘குருகுஹ’வையும் பல பாட்டுகளில் வைத்தார். ஆனால் எந்த மெட்டில் எந்தச் சாமியை உட்காரவைத்தார் என்று பார்த்தால்தான் வேடிக்கை புரியும்.

அயர்லாந்தில் கார்க் மாவட்டத்தில் மாலோ என்று ஓர் ஊர். ஊற்று நீரில் குளிக்க வந்த பணக்கார இளவட்டங்கள் அங்கே குடித்துக் கூத்தடித்ததைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’, அதாவது மாலோ ஊதாரிகள். துள்ளல் மெட்டு. தீட்சிதர் அதில் ‘வந்தே மீனாக்ஷி’ என்று மதுரை அம்மனை வணங்கினார். ஸ்காட்லாந்துக்காரர்கள் கைகோத்து ஆடும் ‘லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்’ மெட்டில் ‘ஜகதீச குருகுஹ’. ‘கலோபேட்’ என்ற நாட்டுப்புற நடன மெட்டில் ‘கமலாசன வந்தித’. இவற்றுக்கெல்லாம் சிகரம், ‘காட் சேவ் த கிங்’. பிரிட்டிஷ் ராஜாவைக் கடவுள் காப்பாற்றட்டும் என்று எழுந்து நின்று பாடும் மெட்டு. அதில் தீட்சிதர், என்னைக் காப்பாற்று என்று சங்கீத சியாமளையிடம் கேட்டார். ‘சந்ததம் பாஹிமாம்’ என்ற பாட்டு அது.

எனக்கு ஒரு காட்சி தோன்றுகிறது. மணலி வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் இதைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். தெருவில் குதிரைமேல் போகிற துரை, தன் ராஜாவுக்குத்தான் மரியாதை செய்கிறார்கள் என்று தொப்பியைக் கழற்றிவிட்டுப் போகிறார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். இதற்கு எந்த ஆதாரமும் கிடையாது, என் கற்பனைதான். ஆனால் இந்தப் பாட்டுகளைக் கேட்டுவிட்டு இப்படி ஒன்று தோன்றாமல் இருப்பது கஷ்டம்.

இனி பேத்தியின் வழக்குக்கு வருவோம். ‘சியாமளே மீனாக்ஷி’ ட்விங்கிளின் காப்பியா?

மெட்டு பிரான்சு நாட்டுடையது. 1761இலேயே அங்கே அச்சேறியிருக்கிறது. ‘அம்மா, உன்னிடம் சொல்லட்டுமா’ என்ற பொருளில் தொடங்கும் பாட்டுக்கு அது மெட்டானது. 1780களின் தொடக்கத்தில் மொசார்ட் அதே மெட்டை எடுத்துப் பன்னிரண்டு விதமாக மாற்றி மாற்றி பியானோவுக்கு எழுதினார். ட்விங்கிள் என்ற ஆங்கிலக் கவிதையை ஜேன் டெய்லர் என்ற இளம்பெண் எழுதி, அது புத்தகத்தில் வந்தது 1806இல். அப்போது அதற்கு இந்த மெட்டு கிடையாது. கவிதையும் மெட்டும் ஒன்றாக அச்சில் வந்தது 1838இல். தீட்சிதர் எட்டயபுரத்தில் காலமானது 1835 தீபாவளியன்று.

ஆக, இந்த இரண்டும் ஜோடியாக அச்சில் வருவதற்கு மூன்று வருஷம் முன்பே மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பாண்டில் கேட்டது அந்தப் பழைய பிரெஞ்சு மெட்டைத்தான் இருக்க வேண்டும். இதைப் பேத்தியிடம் சொன்னேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “அப்போ ட்விங்கிள்தான் காப்பி அடிச்சுதா?” என்றாள். இரண்டும் பிரான்சிலிருந்து கடன் வாங்கியவைதான் என்றேன். “அப்போ ஏபிசிடி பாட்டு?” அதுவும் அதே மெட்டு. “பா பா பிளாக் ஷீப்?” அதுவும் கிட்டத்தட்ட அதேதான். நாலு பாட்டையும் மாற்றி மாற்றிப் பாடிப் பார்த்தாள். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் வேறு வேலை நடக்கவில்லை.

ஆண்டு விழாவுக்கு முந்திய சனிக்கிழமை, ஒத்திகை பார்க்கப் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். மகனுக்கும் மருமகளுக்கும் ஆபீஸ். நான் போனேன். பள்ளியின் பெயர் வேண்டாம், செம்பூரில் ஒரு பள்ளி. முப்பத்திரண்டு பிள்ளைகள், மூன்று வரிசை. தமிழ்ப் பிள்ளைகள் பாதிகூட இருக்கமாட்டார்கள். மராட்டி, குஜராத்தி, மலையாளம், ஒரு சர்தார் பையன். மிஸ் கீபோர்டில் ரிதம் பொத்தானை அமுக்கினார். பெட்டி தட்டத் தொடங்கியதும் பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். பாதியில் பெட்டிக்கு என்ன கோளாறோ, தாளம் திடீரென்று ஓடத் தொடங்கியது. பிள்ளைகள் அதைத் துரத்திப் பாடினார்கள். மீனாட்சி மூச்சிரைக்க ஓடுவது போல இருந்தது. மிஸ் பதறி எதையோ அமுக்க, பெட்டி ஊமையாகிவிட்டது.

பிள்ளைகள் நிறுத்தவில்லை. முன்வரிசையில் நின்ற சர்தார் பையன் கைதட்ட, மற்றவர்களும் தட்டிக்கொண்டு கடைசி வரை பாடி முடித்தார்கள். சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது என்று பிறகு மிஸ் சொன்னார். என் காதுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெட்டி இல்லாத பாதிதான் நன்றாக இருந்தது.

பெட்டி இல்லாமலும் பிள்ளைகளால் எப்படிச் சேர்ந்து பாட முடிந்தது என்று மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் சொன்ன விளக்கம்தான் இந்தக் கட்டுரைக்கே முதல். நம் சங்கீதத்தில் சுவரம் சும்மா நிற்காது, அசையும். சங்கராபரணத்தில் ஒரு காந்தாரத்தையோ நிஷாதத்தையோ பிடித்தால் அதை ஆட்டிப் பாடவேண்டும், அதுதான் கமகம். ஒருவர் பாடினால் அது அழகு. பத்து வயசுப் பிள்ளைகள் முப்பது பேர் சேர்ந்து ஆட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் ஆட்டும். சந்தைக் கூச்சல் ஆகிவிடும். நோட்டுஸ்வரத்தில் அந்தத் தொல்லை இல்லை. ராகம் என்று பார்த்தால் அதே 29ஆவது மேளம், தீர சங்கராபரணத்தின் சுவரங்கள்தான். ஆனால் எல்லாம் நேர்ச் சுவரம், மேற்கத்தியர் மேஜர் ஸ்கேல் என்கிறார்களே, அது. ட்விங்கிள் மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: ஸ ஸ ப ப த த ப, ம ம க க ரி ரி ஸ. ஆணி அடித்தது மாதிரி. ஒவ்வொரு சுவரத்திலும் போய் நின்றால் போதும், முப்பத்திரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் நிற்பார்கள்.

இன்னும் சில சௌகரியங்கள். பாட்டு சின்னது, ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதி, நிரவல் எதுவும் கிடையாது. ஒரு வரி வந்தால் அதே அளவில் அடுத்த வரி பதில் சொல்லும். நாலு எண்ணிக்கையிலோ மூன்று எண்ணிக்கையிலோ தாளம், கால் தானாகத் தட்டும். மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் மெட்டே நின்று இடம் கொடுக்கும். அணிவகுப்புக்கும் நடனத்துக்கும் பிறந்த மெட்டு அல்லவா, கூட்டத்தைச் சேர்த்து நடத்துவதுதான் அதன் பிறவிக் குணம். ஒரு குழு ‘ஸ’வில் நிற்கும்போது இன்னொரு குழு ‘க’வில் நின்றால் இரண்டும் இழையும் என்று சொல்லி, பின்வரிசையை மட்டும் அப்படிப் பாடவைத்துக் காட்டினார் மிஸ். எனக்குப் புல்லரித்துவிட்டது. இரண்டு குரல் பாட்டு இத்தனை எளிதில் கிடைக்கும் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை.

சரி, கோட்டை பாண்டில் பிறந்தது பள்ளிக்கூடத்துக்கு எப்படி வந்தது? அதற்கு எட்டயபுரம் போகவேண்டும். பாலுஸ்வாமி கடைசியில் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தார். தன் பேரன் சுப்பராம தீட்சிதரையே சுவீகாரப் பிள்ளையாக வளர்த்தார். குடும்பச் சொத்தாக இருந்த பாட்டுகளெல்லாம் சுப்பராமரிடம் வந்தன. அந்தக் காலத்தில் சென்னையில் ஏ.எம். சின்னஸ்வாமி முதலியார் என்ற தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவர், கர்நாடக சங்கீதத்தை ஐரோப்பியக் குறியீட்டில் எழுதி அச்சிட்டுக்கொண்டிருந்தார். கைக்காசையும் கண்பார்வையையும் அதிலேயே தொலைத்தவர். ஒரு தீட்சிதர் சீமை மெட்டைக் கர்நாடகத்துக்குக் கொண்டுவந்தார், ஒரு முதலியார் கர்நாடகத்தைச் சீமை எழுத்துக்குக் கொண்டுபோனார். சுப்பராமரைத் தூண்டித் துருவி எழுதவைத்தவர்களில் அவர் முக்கியமானவர். அதன் பலன் 1904இல் வந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற மாபெரும் நூல். மறுவருஷமே, 1905இல், சுப்பராமர் இன்னொரு சின்னப் புத்தகம் போட்டார். ‘பிரதமாப்யாச புஸ்தகமு’. சங்கீதம் கற்கத் தொடங்குபவர்களுக்கான முதல் பாடப் புத்தகம். நோட்டுஸ்வரங்களை அந்தப் புத்தகத்தில் சேர்த்தார்.

என்னைக் கேட்டால், இந்தப் பாட்டுகளின் தலையெழுத்து தீர்மானமானது இங்கேதான். பெரியவர்களின் கச்சேரிப் புத்தகத்தில் மட்டும் இருந்திருந்தால் அவை அங்கேயே தூங்கியிருக்கும். பிள்ளைகள் கையில் கொடுத்தார், அதனால் பிழைத்தன. கச்சேரி மேடையில் நோட்டுஸ்வரத்துக்கு இன்றும் அத்தனை மதிப்பில்லை. பெரிய பாட்டுகளெல்லாம் முடிந்து, மாமிகள் பையை எடுத்து வைத்துக்கொள்ளும் நேரத்தில் ஒன்று வரும். ‘இங்கிலீஷ் நோட்டு’ மட்டும் விதிவிலக்கு. அது தீட்சிதருடையது இல்லை, மதுரை மணி ஐயர் பாடிப் பாடிப் புகழ் பெறவைத்தது. அவரிடம் ரசிகர்கள் அதைக் கேட்டு வாங்குவார்களாம். ஆக, துள்ளல் மெட்டு நம் ஆட்களுக்குப் பிடிக்காமல் இல்லை. பிடிக்கும் என்று ஒப்புக்கொள்ளத்தான் கூச்சம்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். பம்பாய்த் தமிழர்கள் சங்கீதத்தையும் பள்ளிக்கூடத்தையும் கூடவே மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள். தென்னிந்தியக் கல்விக் கழகம் மாட்டுங்காவில் 1932இல் தொடங்கியது. எஸ்.ஐ.இ.எஸ். என்றால்தான் இங்கே எல்லாருக்கும் தெரியும். ஷண்முகானந்தா சபை 1952இல் வந்தது, அதன் பெரிய அரங்கம் 1963இல். 1990இல் அந்த அரங்கம் தீப்பிடித்து எரிந்தபோது, உள்ளே ஒரு கச்சேரிகூடக் கேட்டிராத நானே வேலையை விட்டுவிட்டுப் போய் நின்று பார்த்தேன். 1998இல் திரும்பத் திறந்தார்கள். அந்தச் சபைகளில் தனி வித்வானுக்குத்தான் இடம். முப்பது பேர் சேர்ந்து பாடுவது என்பது நம் கச்சேரி மரபில் இல்லை. பஜனையில் உண்டு. ஆனால் அது ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்வது.

சேர்ந்திசை என்ற சமாசாரத்தை இந்த ஊரில் மேடையேற்றியவர் ஒரு வங்காளி. சினிமா இசையமைப்பாளர் சலீல் சௌத்ரி, 1958இல் பம்பாய் யூத் கொயர் என்ற குழுவைத் தொடங்கினார். சென்னையில் எம்.பி. ஸ்ரீநிவாசன் 1970களின் தொடக்கத்தில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கி, பாரதியைப் பல குரலில் பாடவைத்தார். அவருக்குப் பள்ளிப் பிள்ளைகளைப் பாடவைப்பதில் தனி ஆசை. அமெரிக்காவில் சின்சினாட்டியில் இருக்கும் கண்ணிகேஸ்வரன் இந்த நூற்றாண்டில் நோட்டுஸ்வரங்களைத் தேடிப் பிடித்து, ‘விஸ்மயா’ என்ற பெயரில் அயர்லாந்து, ஸ்காட்லாந்து இசையோடு சேர்த்து ஒலிப்பதிவாக வெளியிட்டார். அங்குள்ள இந்தியக் குடும்பங்களைச் சேர்த்துப் பெரிய சேர்ந்திசைக் குழுக்களையும் நடத்துகிறார். மெட்டு புறப்பட்ட திசைக்கே ஏறக்குறையத் திரும்பிப் போய்விட்டது.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். மெட்டு எவ்வளவு சிரிக்கிறதோ, சாகித்தியம் அவ்வளவு சிரிக்கவில்லை. அம்மனின் அடைமொழிகளை வரிசையாக அடுக்குவதுதான். தீட்சிதருக்கு அது பூஜை. பிள்ளைகளுக்கு அர்த்தம் தெரியாது. மிஸ் சொல்லிக்கொடுத்தாலும் அடுத்த நாள் மறந்துவிடும். சர்தார் பையன் ‘மீனாக்ஷி’யை எங்கள் கட்டடத்தில் இருக்கும் மீனாட்சி ஆன்டி என்றே நினைத்துக்கொண்டிருந்தானாம். அதற்காகப் பாட்டைப் பழிக்கமாட்டேன். ஆனால் சில இடங்களில் இதையும் சாஸ்திரீயமாக்குகிறேன் என்று இழுத்து, கமகம் போட்டு, முறைத்துக்கொண்டு பாடவைக்கிறார்கள். அது அநியாயம். துள்ளுவதற்காகவே பிறந்த மெட்டை நொண்டவிடக் கூடாது.

இன்னொன்றும் சொல்கிறேன், மாட்டுங்கா மாமாக்கள் கோபித்தாலும் சரி. நான் வளர்ந்த தாராவியில் இப்போது பிள்ளைகள் ராப் பாடுகிறார்கள். டோப்அடெலிக்ஸ் என்று ஒரு குழு, தமிழும் இந்தியும் கலந்து பாடுவார்கள். 2018இல் வந்த ‘காலா’ படத்தில் சந்தோஷ் நாராயணன் இசையில் அவர்கள் குரல் இருக்கிறது. ‘தாராவி ராக்ஸ்’ என்று இன்னொரு கூட்டம். குப்பை பொறுக்கும் குடும்பத்துப் பிள்ளைகள், பிளாஸ்டிக் பீப்பாயும் பெயின்ட் டப்பாவும் தட்டியே கச்சேரி செய்தவர்கள். அமெரிக்கக் கறுப்பர் தெருவில் பிறந்த தாளத்தை எடுத்து, அதில் தங்கள் சந்தின் பேச்சை உட்காரவைக்கிறார்கள் தாராவிப் பிள்ளைகள். மணலி வீட்டில் நடந்ததும் இதுதானே? கோட்டைக்காரன் மெட்டு, நம் வாயில் வருகிற சொல். தீட்சிதர் செய்தால் சாகித்தியம், தாராவிப் பையன் செய்தால் சத்தம் என்பது எனக்குச் சம்மதமில்லை.

ஆண்டு விழா நல்லபடியாக முடிந்தது. அன்று பெட்டி ஒழுங்காகத் தட்டியது. பிள்ளைகள் பட்டுப் பாவாடையும் ஜிப்பாவும் போட்டு விறைப்பாக நின்று பாடினார்கள். நிகழ்ச்சித் தாளில் ‘பிரார்த்தனைப் பாடல்’ என்று மட்டும் அச்சடித்திருந்தார்கள். தீட்சிதர் பெயரும் இல்லை, மெட்டின் கதையும் இல்லை. எனக்குப் பின்னால் இருந்த ஒரு அப்பா, “ட்விங்கிள் ட்விங்கிள் மாதிரி இல்ல?” என்று மனைவியிடம் கேட்டார். அவர், “ஷ்ஷ், சாமி பாட்டு” என்று அடக்கிவிட்டார். திரும்பிச் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. விளக்கு அணைந்துவிட்டது.

விழா முடிந்தும் மெட்டு பிள்ளைகளை விடவில்லை. பள்ளி வேனில் அவர்களே வேறு சொல் போட்டுப் பாடுகிறார்கள். ஹார்பர் லைன் ரயிலில் குர்லாவில் இறங்க முடியாமல் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு வடாலா வரைக்கும் போய்விட்ட ஒரு மாமாவின் கதை. ‘குர்லா வந்தா எறங்கணும்’ என்று தொடங்குகிறது. நடுவில் மராட்டி, கடைசி வரி இந்தி. சர்தார் பையன் அதில் இன்ஜின் சத்தம் போடுகிறான். பேத்தி சொல்லி நான் கேட்டேன், நன்றாகவே இருக்கிறது. மிஸ்ஸுக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று மறைத்து வைத்திருக்கிறார்கள்.

மிஸ், இது உங்கள் கண்ணில் பட்டால் அவர்களைத் திட்டாதீர்கள். அடுத்த வருஷ ஆண்டு விழாவில் அதற்கும் ஒரு நிமிஷம் கொடுங்கள். நிகழ்ச்சித் தாளில் இரண்டு பாட்டுக்கும் பக்கத்தில் ‘மெட்டு: பழைய பிரெஞ்சுப் பாடல்’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள், பின்வரிசை அப்பாக்கள் சந்தேகம் தீர்ந்து வீட்டுக்குப் போவார்கள்.